ஏழாம் எண் வீட்டில் பதினோரு பேர்

பெரிய தீவின் லோஸ் கிறிஸ்தியானோஸ் துறைமுகத்தில் ஒத்தீலியா மூன்றாவது தடவையாகத் தலைகளை எண்ணினாள். நாற்பத்தேழுதான் வந்தது. நாற்பத்தெட்டாவது தலை பிளாசிதோவுடையது. எழுபத்தெட்டு வயது, ஹோட்டலில் பரிமாறி ஓய்வுபெற்றவர். கழிப்பறைக்குப் போனவர் கால் மணி நேரமாகியும் திரும்பவில்லை. ஆண்கள் கழிப்பறை வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட ஒத்தீலியாவுக்குக் கூச்சம் கிடையாது. கூப்பிட்டாள்.

“இங்கயாவது நிம்மதியா இருக்க விடு தாயி” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

நாற்பத்தெட்டு. சரி.

அன்று மே மாதத்தின் கடைசி ஞாயிறு, ஊராட்சித் தேர்தல். அவளுடைய ஊரான அகுவாசேகா, கப்பலில் இரண்டரை மணி நேரம் தள்ளி, சின்னத் தீவின் மலைமேல் இருக்கிறது. பதினாறு வருடமாக அங்கே மேயர் அவளுடைய அண்ணன் எவரிஸ்தோ. போன தடவை ஒன்பது ஓட்டில் தப்பித்தான். அந்த ஒன்பதும் கடல் வழியாக வந்து இறங்கியவை என்று ஊரில் ஆட்டுக்கும் தெரியும்.

அண்ணன் தோற்றால் ஒத்தீலியாவுக்கு என்ன என்று கேட்கலாம். பண்பாட்டு மையத்தின் சாவி அவளிடம் இருக்கிறது. அந்த மையத்தில் பண்பாடு ஒன்றும் நடப்பதில்லை, வருடத்துக்கு இரண்டு சீட்டாட்டப் போட்டி. ஆனால் அதன் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் ஊர்ச் சதுக்கம், மருந்துக்கடை, பாதிரியார் வீட்டின் பின்கதவு மூன்றும் தெரியும். பதினாறு வருடமாக அந்த ஜன்னலோரத்தில் உட்கார்ந்து சம்பளம் வாங்கியவள் அவள். மேயர் மாறினால் சாவி மாறும். சாவி மாறினால் யார் எந்தக் கதவு வழியாக எப்போது போனார்கள் என்பதை இனிமேல் அவள் அடுத்தவர் வாயிலிருந்து கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த நாற்பத்தெட்டுப் பேரும் சட்டப்படி அகுவாசேகாவாசிகள். ஊர்ப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது. குடும்பம், வேலை, சமையல், சண்டை எல்லாம் பெரிய தீவில். சிலர் பதிந்தது அகுவாசேகாவில் வண்டி வரி குறைவு என்பதற்காக. சிலர் அங்கே இடுகாட்டுச் சுவரில் சவப்பெட்டி வைக்க ஒரு மாடம் கிடைக்கும் என்பதற்காக. செத்தால் போய்ச் சேர ஊர் வேண்டும், உயிரோடு இருக்கும்வரை அந்த ஊர் வேண்டாம். தபாலில் ஓட்டுப் போடலாமே என்று யாரோ கேட்டதற்கு பிளாசிதோ சொன்னார்: “தபால்ல போட்டா ரொட்டி யாரு குடுப்பா?”

டிக்கெட் கவுண்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்தபடியே ஒவ்வொருவரையும் கேட்டாள். தீவுவாசிச் சலுகை வேண்டுமென்றால் எந்த ஊரில் பதிவு என்று சொல்லியாக வேண்டும்.

“தீவுவாசியா?”

“தீவுவாசிதான்.”

“எந்த ஊர்?”

முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் எர்மீனியா யோசிக்காமல் “இங்கதான், மார்க்கெட்டுக்குப் பின்னால…” என்று தொடங்கினாள். ஒத்தீலியா அவள் காலை மிதித்தாள்.

“அகுவாசேகா” என்றாள் எர்மீனியா, முகத்தைச் சுளித்துக்கொண்டு. “என் உசுரு அங்கதான் இருக்கு.”

கவுண்டர் பெண் டிக்கெட்டை நீட்டினாள். இன்றைக்கு மதியத்திலிருந்து எழுபது எண்பது பேரின் உசுரு அந்த ஊரில் இருப்பதாக அவளுக்குக் கணினி சொல்லியிருக்க வேண்டும், கண்ணில் அப்படி ஒரு அலுப்பு.

மற்ற நாற்பது உசுரும் தோன் தாமசோவுடன் வந்திருந்தது. அவர் அகுவாசேகாவில் மருந்துக்கடை வைத்திருப்பவர், பெயருக்கு முன்னால் தோன் என்ற மரியாதை ஒட்டிக்கொண்டவர், மூன்று தேர்தலாக எவரிஸ்தோவிடம் தோற்றவர். யாரையும் நம்பாத மனிதர் என்பதால் வேட்பாளரான அவரே காலைக் கப்பலில் வந்து தன் ஆட்களைத் திரட்டிக்கொண்டிருந்தார். வெயிலில் கழுத்துப்பட்டை வேறு.

“என்ன தோன் தாமசோ, பள்ளிக்கூடச் சுற்றுலாவா?” என்றாள் ஒத்தீலியா.

“ஆமா தோன்யா. பொறந்த மண்ணப் பாக்கக் கூட்டிட்டுப் போறேன்.”

“உங்க ஆளுங்கள்ல பாதிப் பேருக்கு மண்ணு எந்தப் பக்கம்னே தெரியாதே.”

“காட்டிக் குடுக்கத்தானே நான் இருக்கேன். உங்க ஆளுங்களுக்கு ஓட்டுச்சாவடி தெரியுமா, இல்ல அங்கயும் காலை மிதிக்கணுமா?”

எர்மீனியா காலைத் தேய்த்துக்கொண்டிருந்ததை அந்த ஆள் கவனித்துவிட்டார். ஒத்தீலியாவுக்கு அது எரிச்சலாக இருந்தது. கவனிப்பது அவளுடைய வேலை.

இரண்டு பேரும் ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போவார்கள். மூன்றாவதாக நிற்கும் தெல்ஃபினாவை ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. ரொட்டி வண்டி ஓட்டுகிறவள். ஞாயிற்றுக்கிழமையும் பஸ் விட வேண்டும், மேல்தெருவுக்குத் தண்ணீர் வர வேண்டும் என்று இரண்டே இரண்டு வாக்குறுதி. கப்பலில் அவளுக்கு ஒரு ஆள்கூட இல்லை.

“பாவம்” என்றார் தாமசோ.

“ரொட்டியா ஓட்டுப் போடும்?” என்றாள் ஒத்தீலியா.

மூன்றரைக்குக் கப்பல் கிளம்பியது. ஒத்தீலியாவின் ஆட்கள் இடப்பக்க நாற்காலிகள், தாமசோவின் ஆட்கள் வலப்பக்கம், நடுவில் காபிக் கடை. எங்கள் கப்பலில் பயணம் செய்வதற்கு நன்றி என்று கம்பெனிக்காரியின் பதிவு செய்த குரல் மூன்று மொழியில் குழைந்தது. ஒத்தீலியா கூடைகளைப் பிரித்து, வறுத்த பன்றித்தொடை வைத்த ரொட்டியைக் காகிதத்தோடு கொடுத்தபடி வரிசை வரிசையாகப் போனாள். ரொட்டியோடு கூடவே ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு வேண்டுகோள் காத்திருந்தது. ஒருத்தனுக்கு வீட்டு வாசலில் விளக்குக் கம்பம், அந்த வாசலில் வீடே கிடையாது. ஒருத்திக்கு மருமகனுக்குத் தோட்டக்காரர் வேலை.

“என் மாடம் என்னாச்சு?” என்றார் பிளாசிதோ. “கடல் பாத்த பக்கம், ரெண்டாவது வரிசை. மேல் வரிசைல போட்டுறாதே. பூ வைக்க ஏணி வேணும்.”

“உங்களுக்கு யாரு பூ வைக்க வரப்போறா?”

“வந்தா கஷ்டப்படக் கூடாதில்ல.”

“உங்களுக்குத்தான். அண்ணன்கிட்ட சொல்லியாச்சு” என்றாள் ஒத்தீலியா. கடல் பார்த்த பக்கம் இரண்டாவது வரிசையில் காலியாக இருந்தது ஒரே மாடம். அன்றைக்கு அதை வாங்கிக்கொண்டவர்களில் பிளாசிதோ நான்காவது ஆள்.

வலப்பக்கம் தாமசோ பாலாடைக்கட்டிப் பணியாரம் கொடுத்தார், சூடு ஆறாமல், சோம்பு வாசனையோடு. ஒரு மணி நேரத்துக்குள் இடப்பக்கத்தார் வலப்பக்கம் போய்ப் பணியாரம் தின்றார்கள், வலப்பக்கத்தார் வந்து ரொட்டி தின்றார்கள். கட்சி பார்த்துப் பசிக்க அவர்கள் என்ன மேயர் குடும்பமா? எர்மீனியா தாமசோவின் ஆளான கயேத்தானோவுக்கு எதிரே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள். கயேத்தானோ டாக்சி ஓட்டுகிறவன், வாய் சும்மா இருக்காது.

“நீங்க அகுவாசேகாவுல எந்தப் பக்கம்?” என்றான்.

“கெணத்துத் தெரு.”

“அட, நானும் அதே தெருதான். எந்த நம்பர்?”

“ஏழு.”

கயேத்தானோ கோப்பையைக் கீழே வைத்தான். “ஏழாம் நம்பர்ல இருக்கறது நானாச்சே.”

“அது எப்படி? நான்ல இருக்கேன், ஒம்பது வருஷமா.”

“நான் ஆறு வருஷமா. ஒரு நாள்கூட உங்களைப் பாத்ததில்லையே. எந்நேரமும் வெளிய சுத்துவீங்களோ?”

பக்கத்து மேசையில் ஒரு கிழவர் கையைத் தூக்கினார். அவரும் ஏழாம் எண். அவருக்குப் பின்னால் ஒரு அக்காவும் தங்கையும். விசாரித்து விசாரித்துக் கடைசியில் பதினோரு பேர் தேறினார்கள், ஒத்தீலியாவின் ஆட்கள் ஏழு, தாமசோவின் ஆட்கள் நாலு. இத்தனை வருடம் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவர்கள் ஒருவருக்கொருவர் பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொண்டார்கள்.

“அப்ப காலைல குளியலறைல அவ்வளவு நேரம் இருக்கறது யாரு?” என்றான் கயேத்தானோ. “இன்னிக்கு ஒரு முடிவு தெரிஞ்சாகணும்.”

காபிக் கடையே சிரித்தது. அந்தக் கிழவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் ஒருவர்தான் அந்த வீட்டை நேரில் பார்த்தவர்.

“கூரைன்னா சொல்றீங்க? கூரை விழுந்து பதிமூணு வருஷமாச்சு. நடு அறையில அத்திமரம் நிக்குது. நல்ல காய்ப்பு.”

வீட்டுக்காரர் வெனிசுவேலாவில் இருந்தார். அந்த முகவரியில் ஆட்களைப் பதிய அவரைக் கேட்க வேண்டியதில்லை என்று முதலில் கண்டுபிடித்தவன் எவரிஸ்தோ. அவனுக்கு முடிந்தால் எனக்கும் முடியும் என்று கண்டுபிடித்தவர் தாமசோ. ஒத்தீலியா தூரத்திலிருந்து தாமசோவை முறைத்தாள். தாமசோ பணியாரத் தட்டை மிகுந்த கவனத்தோடு துடைத்துக்கொண்டிருந்தார்.

பெரிய தீவின் மறைவு முடிந்து திறந்த கடலுக்கு வந்ததும் காற்று பிடித்துக்கொண்டது. கப்பல் முதலில் தலையாட்டியது, பிறகு இடுப்பை ஆட்டியது. சிப்பந்திகள் காகிதப் பைகளோடு வந்தார்கள். கடலுக்கு நடுவில் பிறந்த சாதி நாங்கள், எங்கள் ரத்தத்தில் உப்பு என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வாயைப் பொத்தினார்கள். ரொட்டியும் பணியாரமும் கட்சி பேதம் இல்லாமல் ஒரே பைக்குள் சேர்ந்தன. பூட்ஸும் முதுகுப்பையுமாக மலையேறப் போன ஜெர்மானியர்கள் மட்டும் பீர் குடித்துக்கொண்டு இதை வேடிக்கை பார்த்தார்கள்.

ஒத்தீலியாவுக்கு வாந்தி வரவில்லை. அவளுக்கு வேலை இருந்தது. ஈரத்துணியோடு ஓடினாள், பை மாற்றினாள், கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். கப்பல் தாமதம். ஆனாலும் ஆறே முக்காலுக்கு இறங்கினால் ஏழேகாலுக்கு ஊர். சாவடி மூடுவது எட்டுக்கு. துறைமுகத்தில் ஐம்பது பேர் ஏறும் பஸ் ஒன்று காத்திருக்கிறது. முடியும்.

அப்போதுதான் கேப்டன் பேசினார். இந்தத் தடவை பதிவுக்குரல் இல்லை, அலுத்துப்போன ஒரு மனிதரின் குரல். அலை கூடிக்கொண்டிருக்கிறது. வழக்கம்போல ராத்திரி வரை துறையில் காத்திருக்க முடியாது, அரை மணி நேரம்தான். ஆட்களை இறக்கி ஏற்றியதும் கப்பல் திரும்பிவிடும். அதன் பிறகு செவ்வாய் மதியம் வரை எந்தக் கப்பலும் கிடையாது. மன்னிக்கவும்.



“செவ்வாயா?” என்றான் கயேத்தானோ. “நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு எனக்கு ஏர்போர்ட்டு சவாரி.”

“எனக்கு நாளைக்கு ஒரு கல்யாணப் பொண்ணு தலை” என்றாள் எர்மீனியா.

“எனக்கு மாத்திரை வீட்ல இருக்கு” என்றார் பிளாசிதோ. பிறகு எல்லோருடைய மனதிலும் இருந்ததை அவர்தான் கேட்டார். “சரி, இறங்கறோம்னே வச்சுக்கோ. ரெண்டு ராத்திரி எங்க படுக்கறது?”

“துறைமுகத்துல விடுதி இருக்கு” என்றாள் ஒத்தீலியா.

“எங்க கூட்டம் போன வருஷமே பதிவு பண்ணிருச்சு. ஒரு அறைகூட பாக்கி இல்ல” என்றார் ஒரு ஜெர்மானியர், பீரை உறிஞ்சியபடி, தெளிவான ஸ்பானியத்தில்.

“நம்ம வீடு இருக்கே, ஏழாம் நம்பர்” என்றான் கயேத்தானோ. “பெண்கள் அத்திமரத்துக்கு அந்தப் பக்கம், ஆண்கள் இந்தப் பக்கம்.”

யாரும் சிரிக்கவில்லை. ஒத்தீலியா போனை எடுத்தாள். தீவு நெருங்கிவிட்டதால் சிக்னல் இருந்தது. இயந்திரச் சத்தத்தில் காது கேட்காதென்று ஸ்பீக்கரைப் போட்டாள். பின்னால் பல நாள் அந்த விரலைத் திட்டிக்கொண்டாள்.

“அண்ணே, எல்லாரும் இருக்காங்க. நாற்பத்தெட்டும். ஆனா திரும்பிப் போகக் கப்பல் இல்ல. ரெண்டு ராத்திரி தங்கணும்.”

“பண்பாட்டு மையத்துல போடு.”

“அங்க பெஞ்சுதாண்ணே இருக்கு. எழுபது எழுபத்தஞ்சு வயசு ஆளுங்க. உங்க வீட்ல ஆறு படுக்கையறை இருக்குல்ல, பெரியவங்களை மட்டுமாவது…”

மறுமுனையில் அண்ணி ரெமேதியோஸின் குரல் ஏதோ கேட்டது. எவரிஸ்தோ போனைப் பொத்திக்கொண்டு பேசிவிட்டு வந்தான்.

“ரெமே இப்பத்தான் புது மெத்தை வாங்கிப் போட்டிருக்கா, ஒத்தி. பிளாஸ்டிக்கூடப் பிரிக்கல.”

“பிரிங்க.”

“உனக்கென்ன, லேசாச் சொல்லிட்ட. யாரு எவருன்னு தெரியாத கும்பல வீட்டுக்குள்ள விடறதா?”

“உங்களுக்கு ஓட்டுப் போட வந்தவங்கண்ணே.”

“போடட்டும். நான் வேணாங்கலியே. ஓட்டுப் போடறவன் என் மெத்தைல எதுக்குப் படுக்கணும்?”

ஒத்தீலியா போனை அணைத்தபோது இடப்பக்கத்து நாற்காலிகள் அத்தனையும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. வலப்பக்கத்திலிருந்து தாமசோ எழுந்து நின்றார். கழுத்துப்பட்டையைச் சரிசெய்தார்.

“நண்பர்களே, கேட்டீங்களா? இதுதான் பதினாறு வருஷ ஆட்சி. என் வீட்டுக் கதவு…”

“அப்ப வீட்டுக்காரம்மாவக் கூப்பிடுங்க” என்றான் கயேத்தானோ.

தாமசோ கூப்பிட்டார், கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, வாயைக் கையால் மூடிக்கொண்டு. அவர் மனைவியின் குரலுக்கு ஸ்பீக்கர் தேவைப்படவில்லை. மேல்மாடி முழுக்க நெதர்லாந்துக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறது, கீழே தையல் மெஷின், மருந்துக்கடையில் கூட்டிக்கொண்டு போய்ப் படுக்க வை, நீயும் அங்கேயே படு என்பது வரைக்கும் காபிக் கடைக்காரனுக்கே கேட்டது.

“உங்க வீட்டுக் கதவுக்கு என்னாச்சு, தோன் தாமசோ?” என்றாள் ஒத்தீலியா. சொல்லும்போதே அதில் ருசி இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

ஆறே முக்காலுக்குக் கப்பல் துறையில் முதுகைக் கொடுத்து நின்றது. சரிவுப் பாலம் இறங்கியது. மலையேறிகள் இறங்கினார்கள். ஆட்டுத் தீவனம் ஏற்றிய ஒரு வேன் இறங்கியது. ஒத்தீலியா படிக்கட்டு முகப்பில் நின்று கையை விரித்து அழைத்தாள்.

“வாங்க, வாங்க. மண்ணை மிதிங்க. எல்லாத்துக்கும் ஏற்பாடு பண்ணலாம். போர்வை இருக்கு.”

யாரும் எழவில்லை. முகம் வெளிறிப்போன எர்மீனியா ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தாள்.

“அழகாத்தான் இருக்கு” என்றாள்.

“ஊருன்னா ஊருதான்” என்றாள் அந்த அக்கா. “தூரத்துல இருந்து பாத்தாலே மனசு நெறைஞ்சிடுது.”

பிளாசிதோ மட்டும் எழுந்து சரிவுப்பாலத்தின் பாதி வரை வந்தார். ஒத்தீலியாவுக்கு உயிர் வந்தது. ஒரு தலை வந்தால் மற்ற தலைகளும் வரும். கிழவர் நின்றார். துறைச்சுவரில் அலை ஏறி அடிப்பதைப் பார்த்தார்.

“அந்த மாடம் பத்தி உள்ள விசாரிச்சேன், தாயி. என் வரிசைல எனக்கு முன்னாடி மூணு பேரு படுத்திருக்காங்களே.”

“அது வந்து…”

“பரவால்ல. நாலு பேரையும் ஒண்ணா அடுக்கினா அண்ணன் மெத்தை மிச்சம்” என்று சொல்லிவிட்டு மெதுவாகத் திரும்பி நடந்தார்.

கப்பலுக்குள் ஒரு சிப்பந்தி திரும்பிப் போகிறவர்கள் புது டிக்கெட் எடுக்க வேண்டும் என்று அறிவித்தான். எண்பத்தெட்டுப் பேரும் கவுண்டருக்குப் பாய்ந்தார்கள். வாந்தி எடுத்தவர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அப்படி ஒரு வேகம். “தீவுவாசியா?” என்ற கேள்விக்கு “தீவுவாசி, தீவுவாசி” என்ற குரல் பாலத்தின் அடிவரை கேட்டது.

கரையில் இறங்கியது இரண்டு பேர். ஒத்தீலியா, தோன் தாமசோ. பஸ் டிரைவர் சிகரெட்டை அணைத்துவிட்டு அவர்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

“நாற்பத்தெட்டுப் பேருன்னு சொன்னீங்க?”

“மத்தவங்க வரல” என்றாள் ஒத்தீலியா. “இவரு வர்றாரு. ஏத்திக்க.”

ஐம்பது பேர் பஸ்ஸில் இரண்டு பேரும் முன்வரிசையில், நடைபாதைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். வளைவுகளில் காலி இருக்கைகள் கடகடவென்று ஆடின.

“ஆறு படுக்கையறைல யாரு படுக்கறா?” என்றார் தாமசோ.

“ஒண்ணுல அவங்க. ஒண்ணுல தொலைக்காட்சி. நாலு சும்மா.”

“நீங்க அங்க படுத்திருக்கீங்களா?”

ஒத்தீலியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். போன குளிர்காலத்தில் அவள் வீட்டுக் கூரை ஒழுகியது. நாலு நாள் பண்பாட்டு மையத்தின் பெஞ்சில்தான் படுத்தாள். சாவிதான் உன்கிட்ட இருக்கே என்று அண்ணன் சொன்னான். அதை அவள் அன்றைக்குக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜன்னல் வழியாக இரவு நேரத்து விஷயங்கள் சில கிடைத்தன என்று சந்தோஷம்கூட. இன்றைக்கு என்னவோ அந்தப் பெஞ்சு முதுகில் உறுத்தியது.

“உங்க வீட்டம்மா குரல் நல்லா எடுப்பான குரல்” என்றாள் கடைசியில்.

“முப்பத்தாறு வருஷமா கேக்கறேன்” என்றார் தாமசோ.

ஓட்டுச்சாவடியான பள்ளிக்கூட வாசலில் எவரிஸ்தோ வெள்ளைச் சட்டையில் நின்றுகொண்டிருந்தான். பஸ்ஸைக் கண்டதும் முகம் மலர்ந்தது. கதவு திறந்து தாமசோ இறங்கினார். பின்னால் ஒத்தீலியா. பின்னால் யாருமில்லை. டிரைவர் கதவைச் சாத்தினான்.

“எங்க?” என்றான் எவரிஸ்தோ.

“கப்பல்ல.”

“எப்ப வருவாங்க?”

“செவ்வாய்க்கிழமை மத்தியானம்.”

“விளையாடாதே ஒத்தி. எத்தனை பேரைக் கூட்டிட்டு வந்தே?”

“ஒருத்தர.”

“யாரு?”

“தோன் தாமசோ.”

எவரிஸ்தோ பஸ் ஜன்னல்களை எட்டி எட்டிப் பார்த்தான். காரணத்தை அவளே சொல்லட்டும் என்று அவள் பக்கம் திரும்பினான். ஓடிப்போய் மெத்தையின் பிளாஸ்டிக்கைப் பிரித்திருந்தால் இந்நேரம் வரிசை பள்ளிக்கூட மதிலைத் தாண்டியிருக்கும் என்று ஒத்தீலியா நினைத்தாள். சொல்லவில்லை. எட்டாக இருபது நிமிடம்தான் இருந்தது, உள்ளே போனாள்.

திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு வேட்பாளருக்கு ஒன்றாக மூன்று அடுக்குச் சீட்டுகள் இருந்தன. அண்ணனுடைய அடுக்கும் தாமசோவுடைய அடுக்கும் நன்றாக உயரமாக இருந்தன. தெல்ஃபினாவுடையது அடி வரை கரைந்திருந்தது. எந்த அடுக்கு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தாலே ஊரின் மனசு தெரிந்துவிடும், பதினாறு வருடமாக ஜன்னலோரத்தில் உட்கார்ந்தவளுக்கு இதைப் படிக்கத் தெரியாதா? அண்ணன் தோற்றாயிற்று. அவளுடைய ஒரு ஓட்டு அவனைக் காப்பாற்றாது, கொல்லவும் செய்யாது. சாவி போயிற்று. ஜன்னல் போயிற்று.

அண்ணன் சீட்டை எடுத்து உறையில் வைத்தாள். ஓட்டுப் போடறவன் என் மெத்தைல எதுக்குப் படுக்கணும் என்று காதுக்குள் கேட்டது. சீட்டை வெளியே எடுத்து அடுக்கில் ஒழுங்காகத் திரும்ப வைத்தாள். மிச்சமிருந்த ரொட்டிக்காரியின் சீட்டுகளில் ஒன்றை எடுத்து உறையில் போட்டு, எச்சில் தொட்டு ஒட்டினாள். பிறகு திரையை விலக்கிக்கொண்டு, நாள்பட்ட நோயாளியைப் போல வாடிய ஒரு முகத்தோடு பெட்டியை நோக்கி நடந்தாள்.

ஒன்பதரைக்கு எண்ணி முடித்தார்கள். தெல்ஃபினாவுக்கு அறுபத்தெட்டு. தாமசோவுக்கு முப்பத்துமூன்று. எவரிஸ்தோவுக்கு முப்பது. முதல் தடவையாக அகுவாசேகாவில் அகுவாசேகாக்காரர்கள் மட்டும் ஓட்டுப் போட்டிருந்தார்கள். ஊரில் யாருக்கும் இதில் பெரிய ஆச்சரியம் இருந்ததாகத் தெரியவில்லை. தெல்ஃபினா அழுதாள், பிறகு விடிகாலை நாலு மணிக்கு மாவு பிசைய வேண்டும் என்று வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை எவரிஸ்தோவின் சாப்பாட்டு மேசையில் குடும்பம் கூடியிருந்தது. எவரிஸ்தோ ஒரு காகிதத்தில் பெயர்களை எழுதி ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தான். சித்தப்பா மக்கள், ரெமேயின் தம்பிமார், கொழுந்தியாக்கள், எல்லோரும்.

“நம்ம குடும்பத்துல மட்டும் முப்பத்தொரு ஓட்டு இருக்கு” என்றான். “வந்தது முப்பது. ஊர்க்காரன் ஒருத்தன்கூடப் போடல. சரி, போகட்டும், நன்றி கெட்ட ஊரு. ஆனா வீட்டுக்குள்ளேயே ஒண்ணு குறையுது பாரு. வீட்டுக்குள்ளேயே ஒரு துரோகி.”

ஒத்தீலியா காபியில் சர்க்கரையைக் கலக்கினாள்.

“ஒத்தி, ஊர் சமாச்சாரம் எல்லாம் உனக்குத்தான் தெரியும். யாருன்னு கண்டுபிடிச்சுச் சொல்லு.”

“விசாரிக்கிறேண்ணே.”

காபியைக் குடித்து முடித்தாள். அண்ணி உள்ளே படுக்கையறையில் ஜன்னல் திரையை மாற்றிக்கொண்டிருந்தாள். ஒத்தீலியா அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அண்ணன் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினாள்.

“நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. போன வாரம் அண்ணி அந்த ரொட்டி வண்டிகிட்ட கால் மணி நேரம் நின்னு பேசிட்டிருந்தாங்க. ஒரு ரொட்டி வாங்க எதுக்குக் கால் மணி நேரம்?”

எவரிஸ்தோவின் பென்சில் ரெமேதியோஸ் என்ற பெயரின் மேல் போய் நின்றது. ஒத்தீலியா சால்வையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பண்பாட்டு மையத்தின் சாவியை மதியத்துக்குள் ஒப்படைக்க வேண்டும். அதற்கு முன் வழியில் மூன்று வீடுகள் இருந்தன, மூன்றிலும் அவள் ஏறி உட்கார்ந்துவிட்டுத்தான் போனாள்.